முப்பதாம் நாள் படையல்

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு கௌசி. அதோட முடிஞ்சுது," என்று ஜீவானந்தம் மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

கௌசிகா காபித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். டாக்டர் குடியிருப்புக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நடுவில் ஒரு பலாமரமும் முப்பதடி மண்தரையும்தான். அந்த முப்பதடியை அவள் ஒரு மாதமாகக் கடக்கவில்லை. விசாரணை முடிகிறவரை எந்த நோயாளியையும் தொடக்கூடாது என்று உத்தரவு. இன்றைக்குத்தான் விசாரணை.

"என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"உடம்பு சரியில்ல, வேலைய விட்டுடறேன்னு. வேற ஒரு வார்த்த கிடையாது. அப்பா நாலு பேர விசாரிச்சுட்டாரு. ஆளே வேலைய விட்டுட்டா மேல கிளறமாட்டாங்களாம்."

"கிளறட்டுங்க. நான் டெஸ்ட் டோஸ் போட்டேன். அரைமணி நேரம் உட்கார வச்சுப் பார்த்தேன்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ரெஜிஸ்தருக்குத் தெரியாதே."

ஜீவானந்தம் குத்திக்காட்டுகிற ஆளில்லை. முள்ளுக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி மில்லில், லாரியில் வந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கில் மாவு எவ்வளவு தேறும் என்று சோதித்துச் சொல்கிற வேலை அவனுக்கு. கல்யாணமான மூன்று வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் மலைப்பாதையின் எழுபது வளைவையும் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு மேலே வருவான். இறங்கும்போது முகம் வெளிறியிருக்கும். "உன்னப் பாக்க வர்றதுக்குள்ள குடல் வாய்க்கு வந்துருதுடி," என்று சிரிப்பான். இந்த வாரம் விசாரணைக்காக லீவு போட்டு நேற்றே வந்துவிட்டான், சிரிக்கவில்லை.

"போலீஸ் கேஸுன்னு போயிருச்சுன்னா... உன்ன அப்படிப் பாக்க என்னால முடியாது கௌசி."

"குடுங்க," என்று கடிதத்தை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "போடமாட்டேன்னு சொல்லல. முதல்ல அங்க போய் நிக்கறேன்."

கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. எப்படி முடிந்தாலும் இந்த மலையில் இனி இருக்கமுடியாது என்று புத்தகங்களை நேற்றே அடுக்கிக் கட்டியிருந்தாள்.

முப்பது நாளைக்கு முன், ஏப்ரல் கடைசியில், மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்திலிருந்து தேன்மொழி என்ற எட்டு வயதுப் பெண்ணை அவள் அம்மா பாவாயி கூட்டிவந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். தொண்டை புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கௌசிகா முன்கையில் துளி பென்சிலின் போட்டுப் பார்த்தாள், தடிக்கவில்லை. பிறகுதான் முழு ஊசி. அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தாள். அழாமல் இருந்ததற்குக் கூலியாகக் காலி மருந்துப் புட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்தபடியே போனாள் அந்தக் குழந்தை. இரண்டு மணி நேரம் கழித்து, அப்பன் அப்பாசாமி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். வழியிலேயே உயிர் போயிருந்தது. அன்று மாலையே புதைத்துவிட்டார்கள். பிரேதப் பரிசோதனை இல்லை. பாவாயியின் அண்ணன் சின்னமுத்து மறுநாள் ஐம்பது பேரோடு வந்து நிலையத்தின் கதவை உடைத்தான்.

*

மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அர்த்தனாரி வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் டாக்டர்தான், ஆனால் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டி ரொம்ப நாளாயிருக்கும் என்பது பேனா பிடித்த விதத்திலேயே தெரிந்தது. மேசைமேல் ரெஜிஸ்தர், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அந்தக் காலிப் புட்டி. கௌசிகா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"சிஸ்டர், டெஸ்ட் டோஸ் கட்டம் ஏன் காலியா இருக்குது?" என்று கேட்டார்.

நர்ஸ் அம்சவேணிக்கு ஐம்பது வயது. வழக்கமாக அவள் குரல் பலாமரத்தைத் தாண்டிக் கேட்கும். இன்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அன்னிக்கு சந்தைநாளுங்க சார். எழுபத்தி ரெண்டு பேரு வந்தாங்க. போட்டதென்னமோ நெசம். எழுதத்தான் வுட்டுப்போச்சு. என் தப்புங்க. டாக்டரம்மா தப்பில்லீங்க."

"எழுதாததைப் போட்டதா நான் எப்படிம்மா எடுத்துக்கறது?"

முற்றத்தில் நின்ற கூட்டத்திலிருந்து சின்னமுத்து முன்னால் வந்தான். மில் லாரிக்குக் கிழங்கு ஏற்றி இறக்குகிற தோள். "கேட்டுக்கங்க சார்! ஊசி போட்டாங்க, ஊட்டுக்குப் போச்சு, ஒருவாய் தின்னுச்சு, உளுந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? மலைக்காரன்னா கேக்க நாதியில்லன்னு நெனச்சுட்டாங்க. கீழ இருக்கறவங்க புள்ளைக்கு இப்பிடிப் போடுவாங்களா?"

"சத்தம் போடாதீங்க. அம்மாதான் சொல்லணும்," என்றார் அர்த்தனாரி.

பாவாயி எழுந்தாள். ஒரு மாதத்தில் பாதியாகியிருந்தாள். முந்தானைக்குள் ஒரு தூக்குப்போணி. காலைக் கட்டிக்கொண்டு அவள் மகன் கார்த்தி, ஐந்து வயது. "எனக்கு என்னங்க தெரியும்? நல்லா நடந்து வந்தா. புட்டிய வச்சு வெளையாடிக்கிட்டே வந்தா. அதுக்கப்புறம்..." சொல்லமுடியாமல் தலையை ஆட்டினாள். அவள் கௌசிகாவைத் திட்டவில்லை. அதுதான் கௌசிகாவுக்குத் தாங்கவில்லை.

இந்த ஒரு மாதத்தில் எத்தனை இரவு, அந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பாள்! மருந்து சரி, அளவு சரி, தேதி சரி. பென்சிலின் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிமிஷத்தில் காட்டிவிடும். இரண்டு மணி நேரமா ஆகும்? ஆகாது என்று நூறு தடவை சொல்லிக்கொள்வாள். நூற்றோராவது தடவை, ஒருவேளை ஆகுமோ என்று எழுந்து விளக்கைப் போட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள்.

கைப்பையைத் திறந்தாள். கடிதத்தின் மடிப்பு விரலில் பட்டது.

அப்போதுதான் கார்த்தி வாந்தி எடுத்தான்.

*

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில், கூட்டம், காலையிலிருந்து நடை. பாவாயி முதுகைத் தடவினாள். இரண்டாவது தடவை வாந்தி வந்தபோது பையன் முழங்கால் மடங்கிச் சரிந்தான். கண் மேலே செருகியது. வாயைத் திறந்து, ஓடிவந்தவன்போல மூச்சை அள்ளி அள்ளி இழுத்தான்.

கௌசிகா முற்றத்தில் இறங்கியது அவளுக்கே தெரியாது.

"தொடாதீங்க!" பாவாயி பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். சின்னமுத்து குறுக்கே வந்து நின்றான். "ஒண்ணு போதாதா உனக்கு? கையி வச்சீன்னா நடக்கறதே வேற!"

"டாக்டர் கௌசிகா, உங்களுக்கு அனுமதி இல்லை," என்று மேலேயிருந்து அர்த்தனாரியின் குரல்.

அவள் அப்படியே மண்ணில் மண்டியிட்டாள். கையிரண்டையும் மடியில் கட்டிக்கொண்டாள். "தொடலைங்க. தொடவே மாட்டேன். பாக்க மட்டும் விடுங்க."

பார்த்தாள். மூச்சுக்கு இப்படித் தவிக்கிற குழந்தைக்கு உதடு நீலமாகியிருக்கவேண்டும். இவன் உதடு வெற்றிலை போட்டதுபோலச் சிவந்திருந்தது. காய்ச்சல் இல்லை, பாம்புக்கடி இல்லை, ஊசியும் இல்லை. யாரும் இவனுக்கு எதையும் போடவில்லை.

காற்று அவள் பக்கம் திரும்பியது. வாந்தியின் புளிப்புக்கு அடியில் இன்னொரு வாசனை. மெல்லிய கசப்பு. எங்கோ பழகியது.

கல்யாணமான புதிதில், முள்ளுக்குறிச்சி வீட்டுப் பின்கட்டில், முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு அவள் பாத்திரம் தேய்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. மில்லில் குவித்திருக்கும் கிழங்குத் தோலிலிருந்து காற்றில் வருகிற நாற்றம். ஜீவா கேலி செய்வான்: "எங்களுக்கெல்லாம் மூக்கே இல்லையா? உனக்கு மட்டும் எப்படித்தான் அடிக்குதோ!" வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியவே தெரியாது; பிறவியிலேயே சிலர் மூக்குக்குத்தான் அந்த வாசனை எட்டும்.

"பாவாயி," என்றாள். "கார்த்தி காலையில என்ன சாப்பிட்டான்?"

"ஒண்ணுமில்லீங்க... பாப்பாவுக்கு இன்னிக்கு முப்பதாம் நாளு. சின்னப் புள்ளைக்கெல்லாம் படையல் கெடையாதுன்னு சொன்னாங்க. நாந்தான் கேக்காம வச்சேன். அதத்தான் தின்னான்."

"படையல்ல என்ன வச்சீங்க?"

"கெழங்குதானுங்க. வெல்லம் போட்டுப் பெசஞ்சு." பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அன்னிக்கு ஊசி போட்டுட்டு ஊட்டுக்குப் போனதும் அதத்தான் கேட்டா. ரெண்டு நாளாத் தொண்டையில ஒண்ணும் எறங்கல, மெத்துனு இருக்கும், குடும்மான்னு கேட்டா. ஆசையாத் தின்னா. கடைசியாத் தின்னது அதுதானேன்னுதான் இன்னிக்கும்..."

சின்னமுத்து சொன்னது கௌசிகாவின் காதில் திரும்ப ஒலித்தது. ஒருவாய் தின்னுச்சு, உளுந்துச்சு. ஒரு மாதமாக ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. என்ன தின்றாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும்தான்.

"ஏங்க!" என்று கத்தினாள். ஜீவானந்தம் ஏற்கெனவே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டான். "அந்தத் தூக்குப்போணியப் பாருங்க!"

அண்ணனுக்கென்று எடுத்துவந்திருந்த பங்கு அதில் இருந்தது. பிசைந்தது கொஞ்சம், அவித்த முழுத் துண்டு இரண்டு. ஜீவானந்தம் ஒரு துண்டை உடைத்து நாக்கு நுனியில் வைத்து உடனே துப்பினான். ஒட்டியிருந்த தோலைச் சுரண்டிப் பார்த்தான். தினமும் அதே வேலை செய்கிற விரல்கள்.

"இது சமையல் கிழங்கே இல்ல. மில்லுக் கிழங்கு. மாவுக்குன்னு போடற ரகம். மழையில்லாத வருஷத்துல இதுல சயனைடு விஷம் ரெண்டு பங்கு ஏறும்." நிமிர்ந்தான். "இது எப்படி உங்க வீட்டு அடுப்புக்கு வந்துச்சு?"

"கெழங்கத் தின்னு எவனாச்சும் செத்திருக்கானா?" என்று சின்னமுத்து சீறினான். "இந்த மலையே கெழங்குதான்யா தின்னுது! பொண்டாட்டியக் காப்பாத்தக் கத கட்டறியா?"

"எங்க ஊட்டுப் பின்னால, பொறவடையில ஒரு வரிசை," என்றாள் பாவாயி மெல்ல. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் போன வருசம் கொண்டாந்து நட்டது. கூடப் பொறந்தவ ஊட்டுக்கு அண்ணன் குச்சி நட்டுக் குடுக்கறது எங்க மொறைங்க. அந்த வரிசைய மொதமொதப் புடுங்கினதே அன்னிக்குத்தான், அப்புறம் இன்னிக்குத்தான்." மூச்சை இழுத்தாள். "அன்னிக்கு பாப்பாவும் நானுந்தான் தின்னோம், ராத்திரி எனக்கும் ஒரே வாந்தி. அழுத அழுகையில வந்துச்சுன்னு நெனச்சேன்."

சின்னமுத்து போணியில் மிச்சமிருந்த துண்டை எடுத்துப் பார்த்தான்.

காட்டில் நிற்கும் மில் கிழங்கை மலைக்காரர்கள் யாரும் அடுப்பில் ஏற்றமாட்டார்கள். காம்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் அண்ணன் சீராக நட்ட வரிசையை யார் காம்பு பார்ப்பார்கள்? அப்படிப் பார்ப்பதே அவனை அவமதிப்பதுபோல. கசந்த கசப்பையும் வெல்லம் மூடிவிட்டது.

கார்த்தியின் உடம்பு ஒருமுறை வில்லாக வளைந்து வெட்டியது.

"பாவாயி, நேரமில்ல. என்கிட்ட குடுங்க."

பாவாயி அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அப்பாசாமி தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவனும் இரண்டு வாய் தின்றிருந்தான். பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பையனை நீட்டினாள்.

*

"கௌசிகா, நான் எழுத்துமூலம் தடை போட்டிருக்கேன்," என்று அர்த்தனாரி பின்னாலேயே வந்தார்.

"அப்ப நீங்க பாருங்க சார். இதோ படுக்க வச்சிருக்கேன்."

அவர் பையனின் மூச்சைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "நான் ஊசி பிடிச்சுப் பன்னெண்டு வருஷமாச்சும்மா," என்றார் தணிந்த குரலில். "எனக்கு வாசனையும் ஒண்ணும் தெரியல. நீ நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நிச்சயம்னு சொல்லமுடியாது சார். ஆனா வேற எதுவும் பொருந்தல."

அம்சவேணி அதற்குள் ஆக்சிஜன் உருளையை உருட்டிவந்து திறந்திருந்தாள். முள் சிவப்புக் கோட்டின் மேலேயே நின்றது. "அரை மணி வரும்மா. இழுத்துப் புடிச்சா முக்கா மணி."

கௌசிகா குழாய் வழியே பையனின் வயிற்றைக் கழுவினாள். கையில் நரம்பு கிடைத்தது. ஆனால் இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இந்த அலமாரியில் இல்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும். எழுபது வளைவையும் இறங்கிப் போய்ச்சேர இரண்டு மணி நேரம்.

"கௌசி." ஜீவானந்தம் வாசலில் நின்றான். "எங்க மில்லுல கிழங்குத் தோலத் தின்னு மாடு விழுந்தா, மாட்டு டாக்டர் வந்து நரம்புல ஒரு ஊசி போடுவாரு. உப்புத்தண்ணி மாதிரி இருக்கும். போட்ட அரை மணியில மாடு எந்திரிச்சு நிக்கும். நானே பாத்திருக்கேன்."

அவள் கை நின்றது. தயோசல்பேட். அதே மருந்துதான். குழந்தைக்குக் கொடுப்பதும் அதேதான்.

"செம்மேட்டுல மாட்டாஸ்பத்திரி இருக்கு! குணசேகரன் சாருக்குப் போன் போடுங்க!"

போன் கரகரத்தது. இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை கால்நடை மருத்துவர் குணசேகரனின் குரல் கிடைத்தது. ஜீவானந்தம் கத்திக் கத்திச் சொன்னான். "ஆமாங்க சார், புள்ளைக்குத்தான்! மாடு இல்லீங்க, புள்ள!" வைத்துவிட்டு ஓடிவந்தான். "அஞ்சு ஆம்பியூல் இருக்குதாம். வண்டிய எடுத்துட்டாரு."

"அளவு பாக்கணும். டிரங்குப் பெட்டியில பச்சை அட்டை போட்ட விஷமருத்துவப் புத்தகம், அடியில இருக்கும்."

அவன் கயிற்றை அவிழ்க்கவில்லை; அரிவாள்மணையால் அறுத்துவிட்டுப் புத்தகத்தோடு வந்தான். எடை மேடையில் பையன் பதினான்கு கிலோ. கைப்பையைத் துழாவிக் கையில் கிடைத்த காகிதத்தின் பின்பக்கத்தில் கௌசிகா பெருக்கினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. இருபத்து மூன்று மில்லி. அர்த்தனாரியிடம் நீட்டினாள். "சரி பாருங்க சார்."

அவர் பேனாவால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுப் பார்த்தார். "சரிதான்." காகிதத்தைத் திருப்பினார். முன்பக்கத்தில் 'உடல்நிலை காரணமாக' என்று தொடங்கியிருந்ததைப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

செம்மேட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் கார்த்தியின் மூச்சு இரண்டு தடவை நின்றது. முகத்தில் சுவாசப் பையை வைத்து அழுத்தி அழுத்தி மூச்சைக் கொடுத்தார்கள். கௌசிகா கை ஓய்ந்தால் அம்சவேணி, அம்சவேணி கை ஓய்ந்தால் கௌசிகா. "இழு சாமி. இழு கண்ணு. உனக்குன்னு ரெஜிஸ்தர்ல முழுசா எழுதறேன் பாரு, ஒரு கட்டம் வுடமாட்டேன்," என்று அம்சவேணி புலம்பிக்கொண்டே அழுத்தினாள்.

வெளியே வண்டிச் சத்தம். குணசேகரன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். ஆம்பியூல் பெட்டிமேல் பசுமாட்டுப் படம் போட்டிருந்தது.

அதைக் கூட்டமும் பார்த்தது. "மாட்டு மருந்துடா!" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல் முற்றத்தில் பரவுவது கௌசிகாவுக்குக் கேட்டது. இந்த ஊசியைப் போட்டபின் பையன் போய்விட்டால், அவளை எந்தக் கடிதமும் காப்பாற்றாது.

"உப்பு ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணேதான் மேடம். தேதி இருக்கு, கலங்கல. ஆனா நான் மனுசனுக்குப் போட்டதில்ல."

"நானும்தான்," என்று சொல்லி அவள் முதல் ஆம்பியூலை ஒடித்தாள்.

கதவோரம் சின்னமுத்து நின்றான். அவள் ஊசியை எடுத்ததும் ஓரடி முன்னால் வைத்தான். பாவாயி திரும்பவே இல்லை. பையனின் காலைப் பிடித்தபடி, "அண்ணே, அங்கயே நில்லு," என்றாள்.

மெதுவாக, மிக மெதுவாக. அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். பத்து நிமிஷம். கட்டைவிரல் மரத்துப்போனது. ஐந்து மில்லி. பத்து. அம்சவேணி நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்து. ஒன்றும் மாறவில்லை. இருபது. கௌசிகாவின் நெற்றியிலிருந்து வியர்வை பையனின் வயிற்றில் சொட்டியது. இருபத்து மூன்று.

ஆக்சிஜன் முள் சிவப்புக்குள் இறங்கியது.

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். கார்த்தி மூச்சை இழுத்தான். அள்ளாமல், சாதாரணமாக. விட்டான். மறுபடி இழுத்தான். கௌசிகா பையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். தானாகவே இழுத்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஊசி குத்தியிருந்த கையை உதற முயன்றான்.

"அய்யோ என் ராசா, உதறுடா, நல்லா உதறு!" என்ற அம்சவேணியின் குரல் பலாமரத்தைத் தாண்டியது.

*

அப்பாசாமிக்கும் பார்த்தாயிற்று, அவன் உடம்புக்கு இரண்டு வாய் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கார்த்தி அரைத்தூக்கத்தில் கிடந்தான். பாவாயி அவன் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா." குரலில் அழுகை இல்லை. "அப்ப என் பாப்பாவுக்கு நாந்தான் குடுத்தனுங்களா?"

அர்த்தனாரி எழுதுவதை நிறுத்தினார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊசியாகவும் இருக்கலாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அந்தத் தாய் அதைப் பிடித்துக்கொண்டு மீதி நாளைத் தள்ளிவிடுவாள். கௌசிகா கட்டில் ஓரத்திலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கிழங்குதான் பாவாயி. ஆனா கேளுங்க. ரெண்டு நாளா வெறும் வயிறு, காய்ச்சல் உடம்பு. ஊட்டுக்குப் போய் என்ன குடுப்பீங்கன்னு அன்னிக்கு நான் கேட்டிருக்கணும். கஞ்சி குடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. இந்த முப்பது நாளும் என் ஊசியப் பத்தியே யோசிச்சேன். அவ என்ன சாப்பிட்டான்னு உங்க வாசல்ல வந்து கேக்கணும்னு எனக்குத் தோணல. கேட்டிருந்தா இன்னிக்கு இவன் இங்க படுத்திருக்கமாட்டான்."

"இதெல்லாம் பதிவுல வரணுமா?" என்றார் அர்த்தனாரி.

"வரட்டும் சார்."

கதவோரம் சின்னமுத்து அப்படியே குந்தினான். பெரிய தோள் இரண்டும் குலுங்கின. "தொடையாட்டம் கெழங்கு வுடும்னாங்க தங்கச்சி. உன் ஊட்ல நல்லதா இருக்கட்டும்னுதான்... கசக்கும்னு தெரியும். வெந்தாப் போயிரும்னு நெனச்சேன்." முகத்தைத் துடைத்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "உனக்கு மட்டும் குடுக்கல. சித்தப்பன் பெரியப்பன் புள்ளைங்கன்னு அக்கா தங்கச்சி ஊடு இன்னும் ஆறு இருக்குது. எல்லாரு ஊட்டுலயும் ஒரே நாள்லதான் நட்டேன்."

எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். மதியச் சோற்று நேரம்.

அர்த்தனாரி எழுந்துவிட்டார். "ஜீப் இருக்கு. ஏறுய்யா, வழி காட்டு. மருந்து மிச்சம் எவ்வளவு?"

"ரெண்டு ஆம்பியூல்," என்றார் குணசேகரன். "நானும் வண்டியில பின்னாடியே வாரேன்."

சின்னமுத்து எழுந்தான், ஆனால் நகரவில்லை. "நான் சொன்னா யாரு நம்புவா? ஊசிதான் கொன்னுச்சுன்னு ஒரு மாசமா வாசவாசலாப் போயி நானேதான் சொன்னேன். இப்பப் போயிக் கெழங்கக் கொட்டுன்னா, காசு வாங்கிட்டேன்னுதான் சொல்லுவாளுங்க."

அது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜீப் டிரைவர் வெளியே வண்டியைக் கிளப்பிவிட்டான்.

பாவாயி மகனின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். பிறகு எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"நான் வாரேன். நான் சொன்னா நம்புவாங்க." வாசல்வரை போனவள் திரும்பி கௌசிகாவைப் பார்த்தாள். காலையில் முற்றத்தில் பார்த்த பார்வை இல்லை அது. "என் புள்ள உங்ககிட்ட இருக்கட்டுங்க. வந்து வாங்கிக்கறேன்."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

ஜீவானந்தம் உள்ளே வந்து, கணக்குப் போட்ட காகிதத்தை மேசையிலிருந்து எடுத்தான். இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அதக் குடுங்க," என்றாள் கௌசிகா. "கேஸ் தாளோட சேத்து வைக்கணும்."

"முன்பக்கம் நான் எழுதினது இருக்குதே கௌசி."

"இருக்கட்டும். அதக் குறுக்கால அடிச்சுவிட்டு, கணக்குக்குக் கீழ கையெழுத்துப் போட்டுக்கறேன்."

அவன் அதைக் கொடுக்கும்போது அவள் விரலை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டான். கட்டைவிரல் இன்னும் சிவந்திருந்தது. மூலையில் அம்சவேணி ரெஜிஸ்தரைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

கௌசிகா கார்த்தியின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றாள். எதிர்ச் சரிவில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே, முதல் வீட்டின் ஓடு தெரிந்தது. கூரைமேல் அடுப்புப் புகை. ஜீப் நின்றது. ஒரு புடவை இறங்கி ஓடியது. இவ்வளவு தூரத்தில் பேச்சு கேட்காது. வாசலில் நாலைந்து பேர் கூடினார்கள். யாரும் அசையவில்லை. பாவாயியின் கை மட்டும் நெஞ்சில் பட்டு எழுவதும், மறுபடி பட்டு எழுவதும் தெரிந்தது.

கௌசிகாவின் விரலுக்கடியில் நாடி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண் பெரிய சட்டியை இரு கையாலும் தூக்கிவந்து, வாசலைத் தாண்டி, சரிவில் கவிழ்த்தாள். வெள்ளையாக ஆவி எழுந்தது. ஜீப் அடுத்த வீட்டை நோக்கித் திரும்பியது.